காட்டில் பன்றி மேய்க்க யாருக்கு உரிமை? இங்கிலாந்தின் 'பேனேஜ்' ஏற்பாடு பற்றி ஒரு விளக்கம்

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் பிரிட்டிஷ் செய்திகளில் ஏறக்குறைய ஒரே படம் வருகிறது. தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷைரில், நியூ ஃபாரஸ்ட் என்ற இடத்தில், தார்ச்சாலையை அடைத்துக்கொண்டு பன்றிக் கூட்டம் ஒன்று நிற்கும். பின்னால் கார்கள் காத்திருக்கும். 'பன்றிகள் காட்டுக்குள் விடப்பட்டன' என்று தலைப்பு இருக்கும்.

இதைப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. 2005 முதல் அது தேசியப் பூங்கா. அங்கே பண்ணைப் பன்றிக்கு என்ன வேலை? பன்றிகள் யாருடையவை, காடு யாருடையது? ஏன் இலையுதிர் காலத்தில் மட்டும்?

இதற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சட்ட வரலாறு இருக்கிறது. அதை 'ஏழைக்கும் காடு திறந்திருந்த பொற்காலம்' என்று வர்ணிப்பவர்கள் உண்டு. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. பன்றி காட்டுக்குள் போன ஒவ்வொரு காலத்திலும் காட்டுக்காரருக்கு அதில் ஏதோ ஓர் ஆதாயம் இருந்தது. அந்த ஆதாயம் போனதும் உரிமையும் சுருங்கியது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

(பிரிட்டன் என்றாலும் இங்கே பேசுவது இங்கிலாந்தைப் பற்றித்தான். வேல்ஸின் இடைக்காலச் சட்ட மரபும் ஸ்காட்லாந்தின் சட்ட மரபும் வேறு.)

முதலில் நான்கு சொற்கள்

1. மாஸ்ட். ஓக், பீச் போன்ற மரங்கள் இலையுதிர் காலத்தில் உதிர்க்கும் கொட்டைகளுக்கு மொத்தப் பெயர். ஓக் கொட்டைதான் இதில் முக்கியம். பீச் கொட்டை அடுத்தது.

2. பேனேஜ். அந்தக் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளைக் காட்டுக்குள் விடும் உரிமை. அதற்குச் செலுத்தும் கட்டணத்துக்கும் அதே பெயர். உரிமையும் கட்டணமும் ஒரே பெயரில் வருவதால் பழைய ஆவணங்களைப் படிக்கும்போது கவனம் தேவை.

3. ஃபாரஸ்ட். இடைக்கால இங்கிலாந்தில் இது ஒரு சட்ட எல்லையின் பெயர். அரசனின் வேட்டைக்காகத் தனிச் சட்டம் செல்லுபடியாகும் பகுதி. அதற்குள் மரக்காடும் இருக்கும், புதர்வெளியும் வயலும் ஊர்களும் இருக்கும். மரமே இல்லாத ஃபாரஸ்டும் உண்டு.

4. காமன் உரிமை. இன்னொருவருக்குச் சொந்தமான நிலத்தில் விளைவதை எடுத்துக்கொள்ளும் உரிமை. 'பொது நிலம்' என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். ஏனெனில் நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒருவர் பட்டா நிலத்தின் ஓரமாகப் பக்கத்து நிலத்துக்காரருக்கு வண்டிப்பாதை உரிமை இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பாதை அவருடையதல்ல, ஆனால் மறிக்கவும் முடியாது.

ஆங்கிலச் சட்டம் இந்தக் காமன் உரிமைகளை ஆறாகப் பிரிக்கிறது: மேய்ச்சல், பேனேஜ், விறகும் மரமும் எடுப்பது, எரிபொருளாகக் கரி மண் வெட்டுவது, மீன் பிடிப்பது, மண்ணும் சரளையும் அள்ளுவது. மாடு, குதிரை, ஆடு எல்லாம் மேய்ச்சலில் அடங்கும். பன்றிக்கு மட்டும் தனித் தலைப்பு. மற்றவை புல் மேய்கின்றன; பன்றி தின்பது மரத்தின் காயை. காய்க்கும் மரம் காட்டுக்காரருடைய சொத்து என்பதால், பேனேஜை முறைப்படுத்துவதில் அவருக்கு எப்போதும் கூடுதல் அக்கறை இருந்தது.

பன்றிக்கு ஏன் காடு?

இடைக்காலப் பன்றி இன்றைய பண்ணைப் பன்றி போன்றதல்ல. நீண்ட கால், கூர்மையான முதுகு, அடர்ந்த மயிர். காட்டுப் பன்றிக்கு நெருங்கிய உருவம். வேகமாக நடக்கும், மெதுவாக வளரும். 18-ஆம் நூற்றாண்டில் சீனப் பன்றிகளோடு கலப்பினம் செய்யத் தொடங்கிய பிறகே குட்டைக் காலும் விரைவில் கொழுக்கும் உடம்பும் வந்தன.

மெதுவாக வளரும் மிருகத்துக்கு ஆண்டு முழுக்கத் தானியம் போட்டுக் கட்டுப்படியாகாது. மற்ற மாதங்களில் அது அறுவடைக் கட்டையிலும் வழியோரத்திலும் பொறுக்கித் தின்று ஒல்லியாகவே இருக்கும். கொழுக்க வைக்கும் காலம் ஒன்றுதான்: செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை, ஓக் கொட்டை உதிரும் ஆறேழு வாரங்கள். செப்டம்பர் 29 மைக்கல்மஸ் திருநாள், நவம்பர் 11 மார்டின்மஸ் திருநாள். இந்த இரண்டுக்கும் நடுவில் பன்றி காட்டில் நிற்கும். மார்டின்மஸ் ஒட்டிப் பன்றியை அறுத்து, உப்பிட்டு, புகையில் தொங்கவிட்டுக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இடைக்கால நாட்காட்டி ஓவியங்களில் மாதத்துக்கு ஒரு வேலை வரைவது வழக்கம். நவம்பர் மாதத்துக்குப் பெரும்பாலும், ஒருவன் தடியால் ஓக் கிளையை அடிக்க, கீழே பன்றிகள் அண்ணாந்து நிற்கும் காட்சிதான்.

ஓக் கொட்டை தின்ற பன்றியின் கொழுப்பு இளகலாக இருக்கும். பன்றி இறைச்சியை மாதக்கணக்கில் உப்பில் வைக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. அதனால் காட்டிலிருந்து திரும்பியதும் சில வாரம் பட்டாணியோ வாற்கோதுமை மாவோ கொடுத்துக் கொழுப்பை இறுக வைக்கும் வழக்கம் வந்தது. காடு தீவனச் செலவைக் குறைத்தது, அறவே இல்லாமல் ஆக்கவில்லை.

கொழுப்பை விரலால் அளந்த சட்டம்

தெற்கில் வெஸ்ஸெக்ஸ் நாட்டை 688 முதல் 726 வரை ஆண்ட ஈனி என்ற அரசனின் சட்டத் தொகுப்பு, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலச் சட்டங்களில் ஒன்று. அதில் பன்றிக்காடு பற்றி மூன்று விதிகள் உண்டு.

முப்பது பன்றிகள் நிழலில் நிற்கக்கூடிய மரத்தை ஒருவன் வெட்டினால் 60 ஷில்லிங் அபராதம். மரத்தின் பெருமையை உயரத்தாலோ சுற்றளவாலோ சொல்லாமல் பன்றிக் கணக்கில் சொன்ன சட்டம் இது. மரம் யாருக்கு எதற்காக வேண்டியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது: அனுமதி இல்லாமல் தன் மாஸ்ட் காட்டுக்குள் பிறர் பன்றி மேய்வதைக் கண்டால், ஆறு ஷில்லிங் மதிப்புள்ள பொருளை ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் சுவையானது. மேய்ச்சல் கூலியைப் பன்றியாக வாங்குவதானால் எத்தனைக்கு ஒன்று? பன்றியின் முதுகுக் கொழுப்பு மூன்று விரல் தடிமன் இருந்தால் மூன்றில் ஒரு பன்றி. இரண்டு விரல் என்றால் நான்கில் ஒன்று. கட்டைவிரல் தடிமன்தான் என்றால் ஐந்தில் ஒன்று. கொட்டை நன்றாக விளைந்த ஆண்டில் காட்டுக்காரருக்கு அதிகப் பங்கு, விளையாத ஆண்டில் குறைந்த பங்கு. மகசூலைப் பார்த்து வாரம் (நிலக்காரருக்குச் சேரும் பங்கு) பிரிக்கும் அதே கணக்கு. ஆனால் மூன்றில் ஒன்று என்பது கனத்த வாரம். இதை இலவச மேய்ச்சல் என்று யாரும் சொல்ல முடியாது.

அதே காலத்தில் கென்ட், சஸெக்ஸ் பகுதிகளில் இன்னொரு முறை இருந்தது. வீல்ட் என்ற பெருங்காடு நடுவில் கிடந்தது. கரையோர வளமான நிலங்களில் இருந்த ஊர்கள் அந்தக் காட்டுக்குள் ஆளுக்கொரு பன்றி மேய்ச்சல் இடத்தை வைத்திருந்தன. அவற்றுக்கு 'டென்' என்று பெயர். இன்று வரைபடத்தில் காணும் டென்டர்டென், பிடென்டென், பெனென்டென் எல்லாம் அந்த இடங்கள்தான். டென்டர்டென் தானெட் மக்களின் டென். தானெட் இருப்பதோ கென்ட்டின் வடகிழக்கு மூலையில், 50 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆண்டுதோறும் அத்தனை தூரம் பன்றிகளை ஓட்டிப்போய்த் திரும்ப ஓட்டி வந்தார்கள். அந்தத் தடங்கள் பல பின்னால் சாலைகளாயின. மேய்ச்சலுக்குப் போனவர்கள் மெல்ல அங்கேயே குடில் போட்டுத் தங்க, டென்கள் ஊர்களாயின. காட்டுக்குள் ஊர் வந்ததும் காடு குறைந்தது. பன்றி மேய்ச்சலே பன்றி மேய்ச்சலுக்குக் குழி வெட்டிய கதை இது.

இவ்வளவு தூரம் ஓட்டிப்போகும் ஆளின் நிலை என்ன? நார்மன் படையெடுப்புக்கு முந்தைய 11-ஆம் நூற்றாண்டுப் பண்ணை நிர்வாகக் குறிப்பு ஒன்று அதை விவரிக்கிறது. வாரம் கட்டும் பன்றி மேய்ப்பர் ஆண்டுக்கு 15 பன்றிகளை அறுப்புக்குக் கொடுக்க வேண்டும்: பெரியது பத்து, இளையது ஐந்து. அதற்கு மேல் பெருகுவது அவருக்கு. பிரபுவின் மந்தையை மாஸ்ட் காட்டுக்கு ஓட்டும்போது ஊர்க் குடியானவர் ஒவ்வொருவரும் மேய்ப்பருக்கு ஆறு ரொட்டி கொடுக்க வேண்டும். சில வாரம் காட்டில் கிடக்கப் போகிறவருக்கு ஊர் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு.

டூம்ஸ்டே ஏட்டை எப்படிப் படிக்கக் கூடாது

1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் முதலாம் வில்லியம், 1086-இல் நாடு முழுக்க நிலக் கணக்கு எடுத்தான். அதுதான் டூம்ஸ்டே ஏடு. எசெக்ஸ், நார்ஃபோக், மிடில்செக்ஸ் போன்ற கிழக்கு மாவட்டங்களில் காட்டை ஏக்கரில் சொல்லாமல் 'இத்தனை பன்றிக்கான காடு' என்று எழுதியிருக்கிறார்கள். இன்று லண்டனுக்குள் அடங்கிவிட்ட என்ஃபீல்ட், ஹாரோ இரண்டுமே 2,000 பன்றிக்கான காடு என்று பதிவாகியுள்ளன.

இதைப் பார்த்து, என்ஃபீல்டில் 2,000 பன்றிகள் மேய்ந்தன என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த எண் காட்டின் அளவைச் சொல்லும் ஒரு மதிப்பீடு. காரணங்கள் இரண்டு:

1. எண்கள் பெரும்பாலும் முழு எண்களாக இருக்கின்றன. யாரும் பன்றிகளை எண்ணிப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை.
2. எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மூன்று மாவட்டங்களுக்கும் பண்ணைக் கால்நடைகளின் உண்மையான எண்ணிக்கையும் அதே கணக்கில் கிடைக்கிறது. அது காட்டுக்குச் சொன்ன பன்றி எண்ணோடு பொருந்துவதில்லை.

தெற்கேயும் மேற்கேயும் போனால் முறை மாறுகிறது. சஸெக்ஸில் காட்டைக் கணக்கிடுவது வருமானத்தை வைத்து: ஏழு பன்றி வைத்திருக்கும் குடியானவர் ஒன்றைப் பிரபுவுக்குக் கொடுக்க வேண்டும், மாவட்டம் முழுக்க இப்படியே என்று ஓரக் குறிப்பு சொல்கிறது. ஹெரெஃபோர்ட்ஷைரின் லெம்ஸ்டரில் பத்துக்கு ஒன்று. ஈனி காலத்து மூன்றில் ஒன்றோடு ஒப்பிட்டால் வாரம் குறைந்திருக்கிறது. ஆனால் விளைச்சலைப் பார்த்து மாறும் தன்மை போய், நிலையான வரியாகிவிட்டது.

கிழக்கு மாவட்டப் பதிவுகளில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'அப்போது நூறு பன்றிக்கான காடு, இப்போது அறுபதுக்கு' என்ற வகைக் குறிப்புகள் ஆங்காங்கே வருகின்றன. 'அப்போது' என்பது 1066. 'இப்போது' என்பது 1086. இருபதே ஆண்டுகளில் காடு சுருங்கியதை அரசு எழுத்தரே பதிந்திருக்கிறார். இங்கிலாந்து அன்றைக்கே காடடர்ந்த நாடாக இல்லை. டூம்ஸ்டே காலத்தில் நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதம்தான் காடு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அரசனின் மானும் குடியானவரின் பன்றியும்

வில்லியம் 1079 வாக்கில் ஹாம்ப்ஷைரில் ஒரு பெரும்பரப்பைத் தன் வேட்டைக்கு ஒதுக்கினான். அதுதான் நியூ ஃபாரஸ்ட். பெயரில் மட்டும் இன்னும் புதிது. அதற்குள் ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் மேலே ஒரு சட்டத்தைப் போர்த்தியதுதான் நடந்தது: மானைத் தொடக் கூடாது, மான் தின்னும் செடிகொடியை வெட்டக் கூடாது, வயலைச் சுற்றி மான் தாண்ட முடியாத வேலி போடக் கூடாது.

வேலி போடக் கூடாது என்றால் பயிர் என்னாவது? அந்த இழப்புக்கு ஈடு போலத்தான், கால்நடைகளைக் காட்டில் விடும் வழக்கம் தொடர அனுமதிக்கப்பட்டது. அதிலும் கட்டுப்பாடுகள். கோடையின் நடுவில் மான் குட்டி போடும் ஒரு மாதம் காட்டுக்குள் கால்நடை வரக் கூடாது. கொட்டை உதிரும் காலத்தில் பன்றிகளை எண்ணி, கட்டணம் வாங்க 'அஜிஸ்டர்' என்ற அலுவலர்கள்.

13-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது அரசர்கள் ஃபாரஸ்ட் எல்லையை இஷ்டத்துக்கு விரித்திருந்தார்கள். பிரபுக்களின் சொந்தக் காடுகளும் அதற்குள் மாட்டிக்கொண்டன. எதிர்ப்பு வலுத்து, அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1217 நவம்பரில் காட்டுச் சாசனம் வெளியானது. அப்போது அரசன் மூன்றாம் ஹென்றிக்கு வயது பத்து. முத்திரை வைத்தவர்கள் அவனுடைய காப்பாளர் வில்லியம் மார்ஷலும் போப்பாண்டவரின் தூதரும்.

சாசனத்தில் பன்றிக்கு நல்ல இடம் கிடைத்தது:

1. சுதந்திர மனிதன் எவனும் ஃபாரஸ்டுக்குள் இருக்கும் தன் சொந்தக் காட்டில் விருப்பப்படி பேனேஜ் வைத்துக்கொள்ளலாம்.
2. அங்கே போக, அரசனின் காட்டு வழியாகப் பன்றிகளைத் தடையின்றி ஓட்டிச் செல்லலாம்.
3. வழியில் பன்றிகள் ஓர் இரவு அரசனின் காட்டில் தங்க நேர்ந்தால், அதைக் காரணம் காட்டி அவனிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது.
4. ஃபாரஸ்ட் மன்றம் ஆண்டுக்கு மூன்று முறைதான் கூட வேண்டும். அதில் ஒன்று, மைக்கல்மஸுக்கு இரண்டு வாரம் முன்பு, மேய்ச்சல் ஒதுக்க. இன்னொன்று மார்டின்மஸ் ஒட்டி, பேனேஜ் கட்டணம் வாங்க.

ஓர் இரவுத் தங்கலுக்கெல்லாம் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை அதைச் சாக்காக வைத்து எத்தனை பேரிடம் பறித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சாசனத்தைப் புகழ்பவர்கள் 'சுதந்திர மனிதன்' என்ற நிபந்தனையைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். அன்றைய கிராமத்தில் பெரும்பகுதி நிலத்தோடு கட்டுண்ட குடியானவர்கள். சாசனத்தின் இந்தப் பிரிவு அவர்களைத் தொடவில்லை. அவர்களுடைய பேனேஜ் பிரபுவின் ஊர் மன்றத்து வழக்கத்தைப் பொறுத்தே இருந்தது. அந்த மன்றங்களின் பதிவேடுகளில் பன்றி ஓயாமல் வருகிறது: மூக்கில் வளையம் இல்லாமல் விட்டதற்கு அபராதம், குறித்த நாளுக்கு முன்பே காட்டில் விட்டதற்கு அபராதம், பயிரில் புகுந்த பன்றியைப் பட்டியில் அடைத்துப் பணம் கட்டி மீட்டது.

எப்படித் தேய்ந்தது

ஒரே நாளில் எந்தச் சட்டமும் பேனேஜை ஒழிக்கவில்லை. பல நூற்றாண்டுகளில் பல பக்கத்திலிருந்து அரிப்பு வந்தது.

1. கொட்டை நம்பகமானதல்ல. ஓக் ஆண்டுதோறும் ஒரே அளவு காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொட்டித் தள்ளும். நடுவில் ஒன்றுமே இருக்காது. பீச் இன்னும் மோசம். மந்தையைப் பெருக்குபவர் இதை நம்பித் திட்டமிட முடியாது.

2. மரத்துக்கு வேறு விலை வந்தது. அடிமரம் வரை வெட்டிவிட்டால் மறுபடி கொத்தாகத் துளிர்க்கும் காட்டுமுறை இடைக்காலத்தில் பரவியது. விறகு, வேலிக் கழி, இரும்பு உலைக்குக் கரி எல்லாம் அதிலிருந்து. பேனேஜ் கட்டணத்தைவிட இந்த வருமானம் நிலையானது. சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் துளிர் காய்க்கும் வயதை எட்டாது. இளங்கன்றைத் தோண்டும் பன்றி அங்கே வேண்டாத விருந்தாளி.

3. பன்றிக்கு வேறு தீவனம் கிடைத்தது. பட்டாணி, அவரை, மோர்த் தண்ணீர், சாராயம் காய்ச்சிய சக்கை, சமையலறைக் கழிவு. வீட்டுப் பின்புறம் கொட்டகையில் ஒரு பன்றி என்பது உழைக்கும் குடும்பத்தின் சேமிப்பானது. 19-ஆம் நூற்றாண்டில் பன்றி செத்தால் ஈடு கொடுக்கச் சந்தா கட்டும் 'பன்றிச் சங்கங்கள்' கூட இருந்தன. காடு தேவைப்படாத பன்றி வந்துவிட்டது.

4. நிலம் அடைபட்டது. 1604-க்கும் 1914-க்கும் நடுவில் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வழியாக, சுமார் 68 லட்சம் ஏக்கர் திறந்த வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் வேலிக்குள் போயின. காமன் உரிமை வைத்திருந்தவருக்கு ஒரு துண்டு நிலமோ கொஞ்சம் பணமோ கிடைத்தது. உரிமைக்கு அத்தாட்சி காட்ட முடியாத குடிசைவாசிக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

5. பதிவேடு வந்தது. எஞ்சிய உரிமைகளை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுசெய்யச் சொன்னது. கெடு தாண்டியவை செல்லாமல் போயின. தலைமுறையாகப் பன்றியே வைக்காதவர்கள் இதற்காக மெனக்கெட்டுப் போய் மனு போட்டிருப்பார்களா என்ன?

இந்த ஐந்தில் கிராமத்து ஏழையை நேரடியாக அடித்தது நான்காவது. ஆனால் காட்டு மேய்ச்சலை உள்ளுக்குள் உளுத்துப்போக வைத்தது இரண்டாவது என்பது என் கணிப்பு. வேலி வருவதற்கு முன்பே பல காடுகளில் பேனேஜ் வருமானம் கணக்கேட்டில் ஒரு சில்லறைத் தொகையாகச் சுருங்கியிருந்தது.

நியூ ஃபாரஸ்டில் மட்டும் எப்படிப் பிழைத்தது?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட நியூ ஃபாரஸ்டில் பேனேஜ் பெரிய அளவில் நடந்தது. போல்டர் ஊர்ப் பாதிரியார் ஒருவர் அதை நேரில் பார்த்து விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பன்றி மேய்ப்பர் சுற்றுவட்டார விவசாயிகளின் பன்றிகளைச் சேர்த்து ஐந்நூறு அறுநூறு தலை கொண்ட மந்தையாக்குவார். காட்டில் தண்ணீருக்குப் பக்கத்தில், விரிந்த ஓக் அல்லது பீச் மரத்தடியில் வட்டமாகத் தட்டி கட்டி, கிளையும் புல்கட்டியும் போட்டு மூடி, உள்ளே வைக்கோல் பரப்புவார். முதல் நாள் மாலை பன்றிகளுக்கு வயிறு நிறையக் கொட்டை போடுவார். அவை தின்னும் நேரமெல்லாம் கொம்பு ஊதுவார். மறுநாள் கொஞ்ச தூரம் மேயவிட்டு மறுபடி ஊதுவார். இரண்டொரு நாளில் கொம்புச் சத்தம் கேட்டாலே மந்தை திரும்பிவிடும். அதற்குப் பிறகு அவருக்கு வேலை குறைவு.

இது நீடித்ததற்கு முதல் காரணம் மண். மணலும் சரளையும் கலந்த, உரமற்ற நிலம்; உழுது லாபம் பார்க்க முடியாததால் வேலி போடும் ஆசை யாருக்கும் பெரிதாக வரவில்லை. இரண்டாவது, நிலம் அரசுடைமை. ஓர் ஊர்ப் பிரபு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கி அடைத்துவிட முடியாது.

அரசே அடைக்கப் பார்த்தது என்பது வேறு விஷயம். கடற்படைக் கப்பலுக்கு ஓக் மரம் தேவைப்பட்ட காலம். 1851-இல் வந்த சட்டம், மான்களை அகற்றுவதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்கு 10,000 ஏக்கரை மரம் வளர்க்க அடைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. எந்த வீட்டுக்கு, எந்த வயலுக்கு என்ன உரிமை என்று 1850-களில் ஒரு ஆணையம் விசாரித்துப் பட்டியல் போட்டது. உரிமைகளை அளந்து விலைபேசி முடிக்க உதவியிருக்க வேண்டிய அந்தப் பட்டியல், பின்னால் உரிமைக்காரர்களின் கேடயமானது. எதிர்ப்பு பெருகி, 1877-ஆம் ஆண்டின் நியூ ஃபாரஸ்ட் சட்டம் அடைப்பை நிறுத்தியது. அதுவரை அரசனின் மானைக் காத்த 'வெர்டரர்' என்ற பழைய பதவியை எடுத்து, காமன் உரிமைக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பாக மாற்றியது. 1965 பதிவுச் சட்டத்திலிருந்தும் நியூ ஃபாரஸ்டுக்கு விலக்கு.

மூன்றாவது காரணம் கொட்டையின் நஞ்சு. இன்றைய பேனேஜைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம். நியூ ஃபாரஸ்டில் சுமார் 5,000 மட்டக்குதிரைகளும் அவற்றோடு மாடுகளும் திறந்தவெளியில் மேய்கின்றன. ஓக் கொட்டையில், குறிப்பாகப் பச்சைக் கொட்டையில், டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். குதிரையும் மாடும் அதை அளவுக்கு மிஞ்சித் தின்றால் குடலும் சிறுநீரகமும் பழுதாகிச் செத்துப்போகும். பன்றியின் உடம்பு அதைத் தாங்கும். எனவே கொட்டை கொட்டும் காலத்தில் பன்றிகளை விட்டால், அவை குதிரைக்கு முன்னால் போய் நஞ்சைக் காலி செய்கின்றன.

ஆக, பன்றிக் கூலி வாங்கிய பிரபு போய், மானைக் காத்த அரசன் போய், இப்போது பன்றியின் வாயால் பலன் பெறுபவர்கள் குதிரைக்காரர்கள்.

இன்று எப்படி நடக்கிறது

உரிமை ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. உரிமையுள்ள வீட்டையோ வயலையோ வாங்கினால் அல்லது வாடகைக்கு எடுத்தால் அதுவும் கூடவே வரும். அப்புறம் வெர்டரர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். அஜிஸ்டர் வந்து ஒவ்வொரு பன்றிக்கும் காதில் அடையாள வில்லையும் மூக்கில் வளையமும் இருக்கிறதா என்று பார்ப்பார். வளையம் இருந்தால் பன்றி சருகைக் கிளறித் தின்னும். மண்ணை ஆழமாகக் குடைய வலிக்கும். மூக்கில் வளையம் இல்லாததற்கு அபராதம் போட்ட பழைய ஊர் மன்றத்தின் நேரடி வாரிசு இந்த விதி.

பருவம் 60 நாளுக்குக் குறையக் கூடாது. தொடங்கும் நாளை, கொட்டை எப்போது உதிர்கிறது என்று பார்த்து, காட்டை நிர்வகிக்கும் வனத்துறை அமைப்பும் வெர்டரர்களும் கலந்து முடிவுசெய்கிறார்கள். கொட்டை ஏராளமாக இருந்தால் நீட்டிப்பதும் உண்டு. வெர்டரர்கள் பத்துப் பேர்: ஐவர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், நால்வர் அரசு சார்ந்த அமைப்புகள் நியமிப்பவர்கள், தலைவர் மன்னர் சார்பில் நியமிக்கப்படுபவர். லிண்ட்ஹர்ஸ்டில் உள்ள மண்டபத்தில் கூடி, யார் வேண்டுமானாலும் வந்து முறையிடக்கூடிய மன்றம் நடத்துகிறார்கள்.

பருவம் முடிந்த பிறகும் சில பன்றிகள் சாலையோரம் தெரிந்தால் அது விதிமீறல் என்று அவசரப்பட வேண்டாம். சினைப் பன்றிகளை மட்டும் பருவத்துக்கு வெளியேயும் விடும் ஒரு சலுகை இருக்கிறது. இரவில் அவை சொந்தக்காரர் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இது வழக்கத்தால் கிடைத்த சலுகை, உரிமை என்ற தகுதி அதற்கு இல்லை.

பன்றிக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்று பயணிகளிடம் கெஞ்சுவதற்கும் காரணம் உண்டு. கோமாரி நோய் பரவிய 2001-இல், சமையலறைக் கழிவைப் பன்றிக்குக் கொடுப்பதை பிரிட்டன் முழுமையாகத் தடைசெய்தது. கையில் இருக்கும் சாண்ட்விச்சைத் தூக்கிப் போடுவதும் அந்தத் தடைக்குள்தான் வரும். வீட்டுக் கழிவில் வளர்ந்த பழைய கொட்டகைப் பன்றி முறையும் அந்தத் தடையோடு சட்டப்படி முடிந்தது.

எண்ணிக்கைதான் இப்போதைய சிக்கல். 19-ஆம் நூற்றாண்டில் 6,000 வரை போன பன்றிகள், இன்று பொதுவாக 200 முதல் 600 வரைதான். இரண்டு மாத இலவசத் தீவனத்துக்காக மீதிப் பத்து மாதம் பன்றி வளர்க்க வேண்டும். தீவன விலை, நோய்க் கட்டுப்பாட்டு விதிகள், இடம்பெயர்ப்பு உரிமம் எல்லாம் சேர்ந்து சிறிய வளர்ப்பாளரை யோசிக்க வைக்கின்றன. பேனேஜ் பன்றி இறைச்சிக்கு நல்ல விலை கொடுக்கும் உணவகங்கள் இருப்பது ஓரளவு ஆறுதல்.

கொட்டை அள்ளிக் கொட்டும் ஆண்டில் இந்தச் சில நூறு பன்றிகள் போதாது. அப்போது வெர்டரர்களால் பருவத்தை நீட்டிக்கச் சொல்ல முடியும், உரிமைக்காரர்களிடம் வேண்டுகோள் விடுக்க முடியும். பன்றியை விட்டே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. குதிரைக்காரர்கள் தங்கள் குதிரைகளை ஓட்டிவந்து வீட்டு வயலில் அடைத்துக்கொள்வதுதான் அப்போது மிச்சமிருக்கும் வழி.